ஆறு குற்றவாளி அல்ல

(மாணவர் முகாம் ஒன்றில் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் திரையிடப்பட்ட பின் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆற்றைப் பற்றிய படம்னு சொன்னா நம்ம கண்ணு முன்னால என்ன வருது? மலையில ஒரு அருவி, பச்சை வயல், படித்துறை, கோயில் மணி. பின்னணியில ஒரு கனத்த குரல், இந்த நதிதான் நாகரிகத்தின் தாய் என்று சொல்லும். அந்தப் படித்துறையில் இறங்க யாருக்கு உரிமை இருந்தது, யாரை விரட்டினார்கள் என்று அந்தக் குரல் கேட்காது. ஆற்றை நம்பி வாழும் ‘மக்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள்ளே ஊரும் இருக்கு, சேரியும் இருக்கு. வரப்பு வைத்திருப்பவனும் இருக்கான், அந்த வரப்பில் கூலிக்கு நிற்கிறவனும் இருக்கான்.

ஆர்.ஆர். சீனிவாசன் 1999-இல் எடுத்த இந்தப் படம் அப்படிப்பட்டதில்லை. இதுவும் தாமிரபரணியைப் பற்றிய படம்தான். ஆனால் இந்த ஆற்றுக்குள்ளே பிணங்கள் கிடக்கின்றன.

மாஞ்சோலை எங்கே இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில். அந்த மலையில் பெய்கிற மழைதான் மணிமுத்தாறாகி, கீழே தாமிரபரணியில் கலக்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. அங்கே தேயிலை நட்டு, பறித்து, அட்டைக்கடியில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலானோர் நம் மக்கள். ஆறு பிறக்கிற இடத்தில் குடியிருந்தவர்களுக்கு ஒரு அடி நிலம் சொந்தமில்லை.

1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைத்த 652 தோட்டத் தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் ஆறு. உயிர் தப்ப ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு. ஒரு சின்னக் குழந்தை உண்டு.

அரசு நீதிபதி மோகன் ஆணையத்தை அமைத்தது. ஆணையம் என்ன சொன்னது? 11 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. போலீஸ் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. அதாவது கொன்றது தடி இல்லை, தண்ணீர். தண்ணீரைக் கைது செய்ய முடியுமா? வழக்குப் போட முடியுமா? குற்றத்தை ஆற்றின் தலையில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இந்தப் படத்தின் முக்கியத்துவம் இங்கேதான். ஓடுகிறவர்களைத் துரத்தி அடிப்பதும், தண்ணீரில் நிற்பவர்கள் மேல் கல் எறிவதும் கேமராவில் பதிந்து கிடக்கிறது. மூழ்கினார்கள் என்று காகிதம் சொல்கிறது. ஏன் இறங்கினார்கள், ஏன் கரையேற முடியவில்லை என்று படம் காட்டுகிறது. ஆற்றைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, கூண்டில் நிற்க வேண்டியவர் யார் என்று கேட்கிறது.

நர்மதையைப் பற்றிய படங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்க. ஆனந்த் பட்வர்தனும் சிமந்தினி துருவும் எடுத்த ‘எ நர்மதா டைரி’ (1995), சஞ்சய் காக்கின் ‘வேர்ட்ஸ் ஆன் வாட்டர்’ (2002), பிரானி ஆம்ஸ்ட்ராங்கின் ‘டிரவுண்டு அவுட்’ (2002). ஆதிவாசி வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுகிறது. மழை பெய்தது, நீர்மட்டம் உயர்ந்தது என்கிறது அரசு. நீர்மட்டம் தானாக உயரவில்லை, அணையைக் கட்டி உயர்த்தினார்கள். 1979-இல் வந்த நர்மதைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு, நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழப்பவனுக்குத்தான் மாற்று நிலம் என்றது. நிலமே இல்லாத கூலிக்காரன் எதை இழந்ததாகக் கணக்குக் காட்டுவான்? ஆகவே தோழர்களே, அணையை எதிர்க்கிற படத்திலும் நாம் தேட வேண்டிய ஆள் ஒருவன் இருக்கான். பட்டா இல்லாதவன். அவன் திரையில் பேசுகிறானா, இல்லை கூட்டத்தில் ஒரு தலையாக மட்டும் வந்து போகிறானா?

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று பேரும் தலித்துகள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. கொக்கிரகுளத்தில் தண்ணீர் குற்றவாளி. வேங்கைவயலில் தண்ணீரைக் குடித்தவன் குற்றவாளி.

மாஞ்சோலையில் 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று அறிவித்துத் தோட்ட வேலையை நிறுத்தியது. வேலை போனால் லைன் வீடும் போச்சு. யாருடைய விருப்பம் அது? காடு பிழைக்கும், ஆறு பிழைக்கும் என்று சிலர் மகிழ்கிறார்கள். பிழைக்கட்டும், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் காட்டையும் ஆற்றையும் காப்பாற்றும் பேச்சில், அங்கே உழைத்தவன் எங்கே போவான் என்ற கேள்விக்கும் பதில் வேணும்.

2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரம் நடந்தது. படித்துறைதோறும் கேமராக்கள், புனித நீராடல், நேரடி ஒளிபரப்பு. அதே ஆற்றில் ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் நம் மக்கள் இறந்தவர்களுக்காகப் பூ தூவுகிறார்கள். அந்தப் பூவை எத்தனை கேமரா எடுக்கிறது?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். இன்றைக்கு ஒவ்வொருத்தர் பையிலும் கேமரா இருக்கு. உங்க ஊர்க் கிணறு, குளம், தெருக்குழாய், தண்ணித் தொட்டி, எல்லாத்தையும் போய் எடுங்க. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணி வருது, எந்தத் தெருவில் நின்னுபோகுது என்று எடுங்க. பாட்டிமார்களைப் பேச வையுங்க. அவர்கள் அழுவதை மட்டும் எடுக்காதீங்க. பேர் சொல்லி, தேதி சொல்லி, நடந்ததைச் சொல்வதை முழுசா எடுங்க. வெட்டாத மூலப் பிரதியைப் பத்திரமா வையுங்க, நாளைக்கு அது சாட்சி. எடுத்ததை நகரத்து அரங்கில் போடுவதற்கு முன்னால், எடுத்த தெருவிலேயே வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டுங்க. தப்பா இருந்தா சனங்க சொல்வாங்க.

1927-இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தாகத்துக்காகக் குடித்த தண்ணீர் இல்லை அது. பொதுக்குளம் எங்களுக்கும் பொது என்பதை நாட்டுக்குச் சொல்லக் குடித்த தண்ணீர். தண்ணீரைப் பற்றி நாம் எடுக்கப்போகிற ஒவ்வொரு படமும் அந்தக் குளக்கரையிலிருந்தே தொடங்கணும்.