பள்ளிச் சமையற்கூடமும் விவசாயியின் களமும்

(விவசாயிகள் சங்க ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு தில்லி எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகள் போராடினர். விலையை அறிவித்தால் மட்டும் போதாது, அந்த விலைக்கு வாங்க ஆள் வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, விடுதி, மருத்துவமனை, சிறை என நாள்தோறும் உணவுப் பொருள் வாங்குகிற அரசை விடப் பெரிய வாடிக்கையாளர் நாட்டில் யார்? அது யாரிடம் வாங்குகிறது என்பதே நம் கேள்வி.

மதிய உணவு விதிப்படி ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. தானியம் இந்திய உணவுக் கழகத்திலிருந்து வருகிறது. 200 குழந்தைகள் படிக்கும் பள்ளிக்குத் தேவைப்படும் காய்கறி 10 கிலோ, பருப்பு 4 கிலோ. அதே ஊர் விவசாயி தலைச்சுமையாகவே கொண்டுவந்து விடலாம். ஆனாலும் பல இடங்களில் கடைக்காரரிடமே வாங்குகிறார்கள். காரணம், அரசுப் பணம் தாமதமாக வருகிறது, கடைக்காரர் கடன் கொடுக்கிறார். விவசாயியால் இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. இடைத்தரகரின் பலம் சரக்கில் இல்லை, கடன் கொடுக்கும் சக்தியில் இருக்கிறது. பள்ளிக்கு முன்பணம் தராமல் “உள்ளூரில் வாங்குங்கள்” என்று சுற்றறிக்கை அனுப்புவது வெறும் காகிதம்.

ஒப்பந்ததாரர் கதையும் தெரிந்ததே. அங்கன்வாடி உணவில் ஒப்பந்ததாரர் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2004 அக்டோபரில் ஆணையிட்டது. மகாராஷ்டிராவில் மகளிர் குழுக்களின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் தனியார் முதலாளிகளே இருந்ததை நீதிமன்ற ஆணையர்கள் 2012இல் அம்பலப்படுத்தினர்.

மாற்று சாத்தியமா? ஒடிசாவைப் பாருங்கள். அங்கு 2017இல் 7 மாவட்டங்களில் சிறுதானியத் திட்டம் தொடங்கியது. அதுவரை பழங்குடி விவசாயி வாரச்சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்குக் கேழ்வரகைக் கொடுத்துவிட்டு வந்தார். 2018-19இல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,897 ரூபாய். பழங்குடியினர் மேம்பாட்டுக் கூட்டுறவுக் கழகம் அந்த விலைக்குக் கொள்முதல் செய்து, பணத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் செலுத்தியது. வாங்கிய கேழ்வரகு ரேஷன் கடைக்குப் போனது. கியோஞ்சர் மாவட்டத்தில் கேழ்வரகு லட்டாக அங்கன்வாடிக் குழந்தைகளின் கைக்கும் வந்தது. இதற்கான செலவு மாவட்டக் கனிம நிதியிலிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். சுரங்கம் தோண்டி எடுத்ததில் ஒரு சிறு துளியேனும் அந்த மண்ணின் குழந்தைகளுக்குத் திரும்பியது.

இதைப் புகழ்ந்துவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. அறிவிக்கப்படும் விலை முழுச் செலவுடன் 50 சதவீதம் என்ற சுவாமிநாதன் குழுப் பரிந்துரைக்கு இன்னும் வந்துசேரவில்லை. நில ஆவணம் கேட்கும் கொள்முதல் நிலையங்களில் குத்தகை விவசாயி வாசலிலேயே நிற்கிறார். பல குடும்பங்களில் பயிரிடுபவர் பெண், பட்டா கணவர் பெயரில்.

எனவே கிளைகளுக்கு உடனடி வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊராட்சிப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மாதம் எத்தனை கிலோ என்ன பொருள் வாங்கப்படுகிறது, யாரிடம், என்ன விலைக்கு, பணம் எத்தனை நாளில் கிடைக்கிறது? தலைமையாசிரியரிடமும் சமையல் பணியாளரிடமும் கேட்டு எழுதுங்கள். தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கிராமசபையில் பேசுவோம்.