தார்ப்பாய் போதாது, தாங்கும் வீடு வேண்டும்!

(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

  

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நம்ம டெல்டாவில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் எங்க கரையைக் கடக்கும்?" 1952-ல் அடித்தது. 1977-ல் அடித்தது. 2004 டிசம்பர் 26-ல் கடலே எழுந்து வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2008-ல் நிஷா புயல் மழையில் பயிர் மூழ்கியது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா. வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று வரிசையாகப் புரட்டிப் போட்டது.

ஒவ்வொரு முறையும் என்ன நடக்குது? கார் வருது. போட்டோ எடுக்கிறாங்க. தார்ப்பாய் தர்றாங்க, அரிசி தர்றாங்க. கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை; பசித்த நேரத்தில் வந்த உதவியை மறக்க மாட்டோம். ஆனால் அடுத்த புயல் வரும்போதும் அதே குடிசை, அதே தூர்ந்த வடிகால், அதே தார்ப்பாய்! இதைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

"இயற்கைச் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். அதன் பிறகு கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டினார்கள். ஊர் ஊராக இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவுக்கு முன்கூட்டியே வெளியேற்றினார்கள். சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. புயல் வராமல் நின்றுவிடவில்லை தோழர்களே, ஏற்பாடு கூடியது!

ஒரே தெரு, ஒரே காற்று. மாடி வீடு நின்றது, கீற்றுக் குடிசை பறந்தது. கடன் வாங்கிப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு கத்தி மாதிரி பறந்தது. ஆக, புயல் எல்லோருக்கும் பொது. இழப்பு பொது இல்லை. நாற்று நட்டு ஊருக்கே சோறு போட்டவர் வீட்டில்தான் முதலில் கூரை போகிறது.

ஏன் அவர் நல்ல வீடு கட்டவில்லை? கட்ட இடம் அவர் பேரில் இல்லை. விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்க 1971-லேயே சட்டம் வந்தது. அன்றைக்குக் குடியிருந்தவர்களுக்கு அது வழி. அதற்குப் பிறகு பெருகிய குடும்பங்கள் எங்கே போயின? வாய்க்கால் கரை, சாலையோரம், கோயில் மனை. 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடு கட்டி, குடிசையே இல்லாமல் செய்வோம் என்று 2024-ல் மாநில அரசு அறிவித்தது. வரவேற்றோம். ஆனால் மனு கொடுக்கப் போனால் முதல் கேள்வி, "பட்டா இருக்கா?" பட்டா கேட்டுப் போனால், "புறம்போக்குக்கு எப்படிம்மா தர்றது?" வீடு கேட்டா பட்டா இல்லை, பட்டா கேட்டா பதில் இல்லை!

அடுத்தது வடிகால். நம்முடையது சாய்வு குறைந்த கடைமடை பூமி. மேட்டூர் தண்ணியும் இங்கேதான் முடியும், மழைத் தண்ணியும் இங்கேதான் வடியணும். வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிய ஆற்றில் தண்ணீர் எப்படி ஓடும்? தூர்வாருவதைக் கோடையில் முடிக்காமல் மழைக்காலத்தில் தொடங்கினால் வாரிய மண் மறுபடி ஆற்றுக்குள்தான் போகும். வயலில் நிற்கிற தண்ணீர்தான் மண்சுவரையும் கரைக்கிறது. வயலுக்கு வெட்டுகிற வடிகால் வீட்டுக்கும் காவல்.

தென்னை விவசாயி கதை தெரிந்ததுதான். கஜாவில் சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்தார்கள். கன்று வைத்துக் காய் பறிக்க எத்தனை வருஷம் என்று நம் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லும். அதே காற்றில் பனை பெரும்பாலும் அசையாமல் நின்றதையும் பார்த்தோம். வரப்பிலும் கடலோரத்திலும் இருந்த பனையை வெட்டிச் சூளைக்கு அனுப்பியது நம் தவறும்தான், ஒத்துக்கொள்வோம்.

கஜாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு அலைந்தோம். அடிபம்பைப் பிடுங்கிய ஊர்களுக்கு அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

ஆகவே, அரசைக் கேட்பதோடு நம் கையால் ஆவதையும் செய்வோம். வீடு கட்டுகிறவர்கள் பழைய வெள்ளம் எதுவரை வந்ததென்று பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேல் தளம் எழுப்புங்கள். இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கமும் சரிந்த கூரை காற்றைத் தாங்கும். ஷீட்டை ஆணியோடு விடாதீர்கள். கொக்கி போல்ட்டு போட்டு முடுக்குங்கள். எச்சரிக்கை வந்ததும் தென்னையில் முற்றிய காயையும் அடிமட்டையையும் இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். தனியாக இருக்கிற முதியவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் யார் யார், அவர்களை யார் கூட்டிப் போவது என்று தெருவாரியாகப் பட்டியல் எழுதி வையுங்கள். ஆடு மாட்டுக்கும் மேட்டிடம் பாருங்கள். மாட்டை விட்டுவிட்டு நம்மவர் முகாமுக்கு வர மாட்டார்!

நாம் கேட்பது பிச்சை அல்ல. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு திட்டம் வேண்டும், அதை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். நம்ம ஊருக்கு அதில் என்ன எழுதியிருக்கு? நமக்குத் தெரிய வேண்டாமா?

நமது கோரிக்கைகள்:

1. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கொடு! கொடுக்க முடியாத நீர்நிலைக் கரையில் இருப்போருக்கு, அதே ஊரில் மேட்டு மனை கொடுத்த பிறகு மாற்று!

2. புயலைத் தாங்கும் கான்கிரீட் வீடு கட்டிக் கொடு! பட்டா இல்லை என்று மனுவைத் தள்ளாதே!

3. ஆறு, வாய்க்கால், வடிகால் அனைத்தையும் கடல் முகத்துவாரம் வரை கோடையிலேயே தூர்வாரு!

4. ஊருக்கு ஊர் பாதுகாப்புக் கட்டடம், அடிபம்பு, ஜெனரேட்டர் ஏற்பாடு செய்!

5. சாய்ந்த தென்னைக்கு, காய்ப்புக்கு வரும் வரையிலான வருமான இழப்பையும் கணக்கிட்டு இழப்பீடு வழங்கு!

6. மாவட்டப் பேரிடர்த் திட்டத்தைக் கிராம சபையில் வாசி!

தோழர்களே! புயல் தேதி சொல்லிவிட்டு வராது. ஆனால் கார்த்திகை தவறாமல் வரும். மழைக்கு முன்னே வரப்பை அடைப்பவன்தான் விவசாயி. அதே புத்தியோடு, கூரை பறக்கும் முன்னே கேட்போம். குடும்பத்தோடு வாருங்கள். மனு எழுதாதவர்கள் வெள்ளைத் தாளோடு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.

மனை எங்கள் உரிமை! தாங்கும் வீடு எங்கள் உரிமை!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!