சத்வாவில் இறங்கிப் பாருங்கோ

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உமக்குத் தெரிந்த ஒரு ஊரைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் கேட்டார். பிறந்த ஊரைப் பற்றிப் பேச என்னை விட மூத்தவை இங்கே நிறையப் பேர் இருக்கினம். நான் ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். இங்கே பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்கு மூலை முடுக்கெல்லாம் தெரிந்த இன்னொரு ஊர் துபாயில் உள்ள சத்வா. அங்கே 2008 தொடக்கம் 2014 வரை இருந்தேன். ஆகையால் அதைப் பற்றியே கதைக்கப் போகிறேன்.

இப்போது எங்கட ஆக்கள் கனபேர் கொழும்புக்குத் துபாய் வழியாகத்தான் போய் வருகினம். ஏழெட்டு மணித்தியாலம் இடையில் கிடைத்தால் வெளியே போய் அந்த உயரக் கட்டிடத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கினம். திரும்பி வந்து, "அங்க என்ன இருக்கு, கண்ணாடியும் மோலும்தான்" என்கினம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் அங்கே அலுமினிய ஜன்னல் சட்டம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். வேலை அல் கூஸ் பகுதியில், படுக்கை சத்வாவில். படுக்கை என்றுதான் சொல்ல வேணும், ஏனென்றால் வாடகை கட்டினது கட்டிலுக்குத்தான். ஒரு அறையில் பன்னிரண்டு பேர், இரண்டு தட்டுக் கட்டில். கடவுச்சீட்டு கொம்பனி லாச்சிக்குள் இருந்தது. அகதி என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் அந்த நாடு சேரவில்லை. விசா இருந்தால் தொழிலாளி, முடிந்தால் விமானத்தில் ஏற வேண்டியதுதான்.

ஊரிலிருந்து புதிதாக வருகிற பெடியள் வெள்ளிக்கிழமைகளில் கட்டிலை விட்டு இறங்க மாட்டாங்கள். அப்போது வெள்ளிதான் லீவு நாள். (2022 இலிருந்து சனி, ஞாயிறு என்று மாற்றிப் போட்டினம், வெள்ளி அரை நாள்.) போர்வையை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாங்கள். எங்கட அறையில் மூத்தவர் முல்லைத்தீவு அண்ணை ஒருவர். அவர்தான் ஒருநாள், "தம்பி, உவங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டும். நடக்கிறதுக்குக் காசு கேக்க மாட்டினம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு வழிகாட்டி உத்தியோகம். சம்பளம் ஒரு திர்ஹம் தேத்தண்ணி.

வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு வெளிக்கிடுவோம். முதலில் ட்ரேட் சென்டர் கட்டிடத்தைக் காட்டுவேன். 39 மாடி. 1979 இல் எலிசபெத் மகாராணி வந்து திறந்தது. அந்தக் காலத்து 100 திர்ஹம் நோட்டில் அதன் படம் இருந்தது. சம்பளம் எடுத்த கிழமையாக இருந்தால் பெடியளிடம் நோட்டை வெளியே எடுக்கச் சொல்லி, கட்டிடத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுவேன். "இதில எட்டுத்தான் உன்ர மாசச் சம்பளம். வடிவாப் பாத்துக்கொள், நாளைக்கு ஊருக்கு அனுப்பினால் பிறகு காணமாட்டாய்." சிரிப்பாங்கள். அந்த முதல் சிரிப்பு வந்தால் மிச்ச நடை சுகம்.

பிறகு சத்வா சுற்றுவட்டம். ரவி என்ற சாப்பாட்டுக்கடை அதற்குக் கிட்டத்தான். பெயர்ப் பலகையைக் கண்டதும் புதுப் பெடியளுக்கு முகம் மலரும், "அண்ணை, எங்கட ஆளின்ர கடையே?" என்று. இல்லை, பாகிஸ்தான்காரரின் கடை. லாகூருக்குப் பக்கத்தால் ஓடுகிற ஆற்றுக்கும் ரவி என்றுதான் பெயர். 1978 இலிருந்து நடக்கிற கடை. வெளியில் போட்ட மேசையில் இருந்து பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டால் ஒருவருக்கு ஐந்தாறு திர்ஹத்துடன் வயிறு நிரம்பும். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரர், அடுத்ததில் டக்சி ஓட்டுகிற பட்டாணியர். 2022 இல் அடிடாஸ் கொம்பனி அந்தக் கடையின் பெயரிலேயே ஒரு சப்பாத்து வெளியிட்டது! சாப்பாட்டுக்கடைக்குச் சப்பாத்து. படத்தைப் பார்த்து இங்கே தொழிற்சாலையில் தனியே சிரித்தேன்.

அங்காலே தையல்காரர் தெரு. இரவு பத்து மணிக்கும் மிஷின் சத்தம் நிற்காது. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் துணி, நீலம், மஞ்சள், மயில் கழுத்து நிறம். வாங்க வேண்டாம், பார்த்துக்கொண்டு நடந்தாலே போதும். செடி விற்கிற கடைகள், காருக்கு இருக்கை உறை தைக்கிற கடைகள், பிலிப்பைன்ஸ் பெண்கள் கூடி நின்று மீன் பொரியல் வாங்குகிற கடைகள். அல் வஸ்ல் வீதியில் ஈரானியரின் ஆஸ்பத்திரியும் பள்ளிவாசலும் இருக்கின்றன. அந்த நீல ஓட்டு வேலைப்பாட்டில் மாலை வெயில் பட வேணும். அதற்கு ஒரு ரிக்கற்றும் இல்லை.

தியாஃபா வீதியை இப்போது டிசம்பர் 2 வீதி என்கினம். அதால் நேரே கடலுக்கு நடந்தால் கடைசியில் ஒரு வட்ட வீடு வரும், யூனியன் ஹவுஸ். 1971ஆம் ஆண்டு மார்கழி 2ஆம் திகதி ஆறு ஆட்சியாளர்கள் அங்கே கூடித்தான் தங்கள் கூட்டாட்சியை அறிவித்தார்கள். ஏழாவதான ராஸ் அல் கைமா 1972 மாசியில் சேர்ந்தது. (பக்கத்திலேயே 2017 இல் எதிஹாத் நூதனசாலை திறந்திருக்கினம்.) ஒருமுறை கோப்பாய்ப் பெடியன் ஒருவன் வேலிக்கு வெளியே நின்று கேட்டான்: "கூட்டாட்சி எண்டால் சமஷ்டிதானே அண்ணை? எங்கட ஆக்கள் 1949 இலயிருந்து கேட்டதை இவை ஒரு வீட்டுக்குள்ள இருந்து முடிச்சுப்போட்டினமே?" அவனுக்குச் சொன்னேன், இதுவும் ஒரு நாளில் நடந்ததில்லை, வெள்ளைக்காரன் போகப் போகிறேன் என்று 1968 இல் சொன்ன பிறகு மூன்று வருசத்துக்கு மேல் இழுபட்டது, ஒன்பது பேர் பேசத் தொடங்கி பஹ்ரைனும் கட்டாரும் தனியே போய்விட்டன என்று. அவன் கேட்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதெல்லாம் பெரிய இடங்கள்தான். ஆனால் எனக்குப் பிடித்தது பெரிய வீதிக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைகள். முந்தி அரசாங்கம் உள்ளூர்க்காரருக்குக் கட்டிக்கொடுத்த ஒற்றைத் தட்டு வீடுகள். பிறகு அவர்கள் பெரிய வீடுகளுக்குப் போக, எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு வந்தன. மதில், முற்றம், முற்றத்தில் வேம்பு, சில இடங்களில் கொட்டங்காய் மரம். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பெயின்ற் வாளியில் பிடித்து ஆரோ கறிவேப்பிலைக் கன்று வளர்த்திருப்பினம். காருக்குக் கீழே பூனைகள். ஒழுங்கை முடிவில் நிமிர்ந்து பார்த்தால் ஷேக் ஸாயித் வீதியின் கோபுரங்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். அந்த இரண்டையும் ஒரே பார்வையில் காண்கிற இடம் சத்வாதான்.

நான் போன வருசமே அதை இடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மதில்களில் நம்பர் அடித்தார்கள். 2008 ஐப்பசியில் ஜுமேரா கார்டன்ஸ் என்ற திட்டத்தை அறிவித்தார்கள், 35,000 கோடி திர்ஹம். ஒரு வில்லாவில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்று மாநகரசபையும் அதே வருசம் இறுக்கியது. சில ஒழுங்கைகள் போய்விட்டன. கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு வீடு மாறினோம். அந்த நேரம் வன்னியில் சனம் எப்படி இடம் மாறிக்கொண்டிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட அறையில் அதைப் பற்றி ஒருவரும் ஒப்பிட்டுக் கதைத்ததில்லை. கட்டிலைத் தூக்குகிறதும் ஒரு கஷ்டமோ என்ற வெட்கம்தான்.

2009 சித்திரை 14. அரசாங்கம் வருசப்பிறப்புக்கு 48 மணித்தியாலம் சண்டையைக் குறைப்பதாக அறிவித்திருந்தது. முல்லைத்தீவு அண்ணையின் தாயும் தங்கச்சியும் புதுமாத்தளன் பக்கம். இருபது நாளாக ஒரு தகவலும் இல்லை. எங்கட அறையில் கொண்டாட்டம் இல்லை என்று முதலே முடிவு. ஆனால் விடிய நாலரைக்கு நான் எழும்பி வெளியே வர, அண்ணை முற்றத்து வேம்பின் கீழே நின்றார். மரம் பூத்துக் கிடந்தது. ஒரு கொத்து இலை முறித்து வாளித் தண்ணீருக்குள் போட்டார். "மருத்துநீருக்கு வேற ஒண்டும் இல்லை தம்பி. அம்மா முழுகாமல் விடமாட்டா" என்றார். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று தலையில் வார்த்துக்கொண்டோம். ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற பஸ்.

அந்த மாதம் 20ஆம் திகதிக்குப் பிறகுதான் பெருந்தொகைச் சனம் அந்தப் பக்கத்தால் வெளியே வந்தது. தாய் செட்டிகுளம் முகாமில் இருக்கிறா என்று வைகாசியில் செய்தி கிடைத்தது. தங்கச்சி வரவில்லை.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை நடை நிற்கவில்லை. அண்ணையும் எங்களோடு வரத் தொடங்கினார். கதைக்க மாட்டார். தையல்காரர் தெருவில் மட்டும் கொஞ்சம் நின்று நிறங்களைப் பார்ப்பார். 2010 தை 4ஆம் திகதி அந்த 828 மீற்றர்க் கட்டிடம் திறந்த இரவு, இடிக்கவென்று நம்பர் அடித்த வீட்டின் மொட்டை மாடியில் ஏறி நின்று வாணவேடிக்கை பார்த்தோம். எங்கட தொழிற்சாலையிலும் கண்ணாடிச் சட்டம்தானே செய்தோம், அதனால் பெடியள் பெருமையாக, "எத்தினை ஜன்னல் அண்ணை!" என்று எண்ணத் தொடங்கினாங்கள்.

உலகமெங்கும் பணம் முடங்கினதால் அந்தத் திட்டம் அப்படியே படுத்துவிட்டது. பிறகு இடித்த நிலத்தில் சிற்றி வோக் என்ற கடைத்தெருவும், 2019 இல் 17,000 பேர் கொள்ளும் கொக்கா கோலா அரங்கும் வந்தன. அவையும் வடிவுதான், பொய் சொல்லக் கூடாது. சத்வா முழுதாகப் போகவில்லை. தையல் கடைகளும் ரவியும் இருக்கின்றன.

நான் 2014 இல் இங்கே வந்த கதை வேறு. இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு அது தெரியும், மிச்சப் பேருக்கு அது சொந்தக் கதை.

ஆகவே கோடை லீவுக்குப் போகிறவை கேளுங்கோ. மெட்ரோவில் வேர்ல்ட் ட்ரேட் சென்டர் நிலையத்தில் இறங்கி சத்வாவுக்கு நடவுங்கோ. பின்னேரம் ஐந்துக்கு முதல் போகாதேங்கோ, தலை வெடிக்கும். பிள்ளையளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கோ. வெளியே போய் வர உங்கட கையில் கடவுச்சீட்டு இருக்கிறது, எங்களுக்கு இல்லாத வசதி. வட்ட வீடு மட்டும் போய் வாருங்கோ.

எனக்கும் ஒரு உதவி. சத்வா வீதிக்குப் பின்னாலே உள்ள ஒழுங்கைகளில் ஒன்றில் பச்சை இரும்புக் கேற்று வீடு, முற்றத்தில் வேம்பு. வீடு இருக்காது என்று நினைக்கிறேன். மரம் நிற்குதோ என்று பார்த்து, நின்றால் ஒரு படம் எடுத்து வாருங்கோ. முல்லைத்தீவு அண்ணைக்கு அனுப்ப வேணும். அவர் இப்ப ஊரில்தான், தாயோட.