ஒரே பாறையை எத்தனை முறை பார்ப்பது?

(ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



கடற்கரைச் சுற்றுலா சென்று திரும்பும் நம் மாணவர்களின் கைப்பேசியில் நூறு படங்களாவது இருக்கும். பாறையும் இருக்கும், அதன்முன் நண்பர்களும் நிற்பார்கள். ஆனால், அந்தப் பாறையில் கோடுகள் எப்படி ஓடின என்று கேட்டால் பதில் வராது. படம் எடுத்தார்கள், பார்க்கவில்லை.

பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன். கலிபோர்னியாவின் கார்மெல் நகருக்கு 1929இல் குடிவந்தார். அருகிலுள்ள பாயின்ட் லோபோஸ் கடற்கரையில் அலை அரித்த பாறைகளை அந்த ஆண்டிலேயே படமெடுக்கத் தொடங்கினார். இடையில் வேறு ஊர்களில் வாழ்ந்தாலும், 1948 வரை அதே பாறைகளைத் தேடித் திரும்பத் திரும்ப வந்தார்.

அவருடைய கருவி முக்காலியில் நிறுத்தும் பெரிய கேமரா. ஒரு பிலிமின் அளவு 8க்கு 10 அங்குலம். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். லென்ஸின் துளையை மிகவும் சிறிதாக்குவார். அப்போதுதான் அருகிலுள்ள மணலும் தொலைவிலுள்ள பாறையும் ஒருசேரத் துல்லியமாகப் பதியும். 1932இல் அவரும் ஆன்செல் ஆடம்ஸ் முதலிய நண்பர்களும் தொடங்கிய குழுவுக்கு, அந்தத் துளை அளவையே ‘எஃப் 64’ என்று பெயராக வைத்தார்கள்.

பிலிமைப் பெரிதாக்காமல் அதே அளவில் அச்சிடுவார். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் படமெடுக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். பல படங்களில் வானத்தையும் தொடுவானத்தையும் விட்டுவிட்டார். அளவிட எதுவும் இல்லாததால், நாம் பார்ப்பது கையளவு கல்லா, குன்றா என்றே தெரியாது. ‘இது எந்த இடம்?’ என்ற கேள்வி மறைந்து, வடிவம் மட்டும் நிற்கிறது. பாறையின் படம் கலையாவது அங்கேதான்.

பிற்காலத்தில் அவரை நடுக்குவாத நோய் தாக்கியது. 1948இல் அவர் எடுத்த கடைசிப் படமும் பாயின்ட் லோபோஸ் பாறைகள்தான். அவர் படமெடுத்த ஒரு கரை இன்று வெஸ்டன் கடற்கரை என்றே அழைக்கப்படுகிறது.

இதை வகுப்புக்குக் கொண்டுவர நமக்குக் கடல் வேண்டாம். வழுக்கும் பாறைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் வேண்டாம். பள்ளி வளாகத்தில் ஒரு கல் போதும். காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்து விழும் வெயிலில் மேடுபள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அவை மங்கிவிடும். மூன்று வேளையும் பார்த்த பிறகு, ஆளுக்கு ஒரே ஒரு படம். கைப்பேசி இல்லாவிட்டால் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதன் வழியே பார்த்து வரையட்டும்.

மதிப்பிடும்போது, “அழகாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். “எதை விட்டாய், ஏன் விட்டாய்?” என்று கேளுங்கள். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை, நாம் கவனிக்காத ஒரு விரிசலைச் சுட்டிக்காட்டக்கூடும். அவனுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்பதை வகுப்பு அன்று அறியும்.