மந்தை யாருடையது?

(மதுரையில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோல்ஃப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நியாயம்தான். ஜல்லிக்கட்டுக்கு அரங்கம் கட்டிய ஊரில் கோல்ஃபுக்கு என்ன வேலை?

ஆய்வு வேலையாக டெல்லி போயிருந்தபோது ஒரு நண்பர் குதுப் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனார். டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்துவது. உறுப்பினராக இல்லாதவர்களும் பணம் கட்டி ஆடலாம். பயிற்சித் திடலில் ஒரு கூடை பந்து வாங்கி அடித்தேன். பாதிப் பந்து தரையோடு உருண்டது. ஆனால் யாரும் என்னை 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று கேட்கவில்லை. அப்போது எனக்கு எங்கள் ஊர் மந்தைதான் நினைவுக்கு வந்தது.

மதுரைக்கு மேற்கே எங்கள் ஊர். ஊர் நடுவே மந்தை, அரசுக் கணக்கில் புறம்போக்கு. அங்கே விளையாடக் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கள் தெருப் பையன்கள் மட்டையோடு இறங்க முடியாது. எனக்குப் 12 வயதில் ஒருமுறை இறங்கினோம். ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்தார்கள். சாயங்காலம் எங்கள் அப்பாக்களை வரச்சொல்லி நிற்கவைத்துப் பேசினார்கள். மறுநாளிலிருந்து கண்மாய்க்குள் ஆடினோம். தண்ணீர் வந்தால் ஆட்டம் கிடையாது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற நகரம். அங்கே மக்கள் பணத்தில் கட்டிய கில்லெஸ்பி பார்க் கோல்ஃப் மைதானம். கறுப்பின மக்கள் 'நாங்களும் ஆடவேண்டும்' என்று கேட்டபோது, நகர நிர்வாகம் அதை ஒரு தனியார் கிளப்புக்கு ஆண்டுக்கு 1 டாலர் குத்தகைக்கு விட்டது. நிலம் நகரத்துடையது, ஆனால் 'இது தனியார் கிளப்' என்று பதில் சொல்லலாம் அல்லவா?

1955 டிசம்பர் 7. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் மருத்துவரும் 5 நண்பர்களும் அங்கே போனார்கள். கட்டணம் 75 சென்ட். நம்ம ஊர் நிலக்கணக்கு சென்ட் இல்லை, முக்கால் டாலர். அனுமதி மறுத்தார்கள். ஆறு பேரும் காசை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய் ஆடினார்கள். அன்றே அத்துமீறல் வழக்கில் கைது. கறுப்பினத்தவரைத் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரும் முன்பே மைதானத்தின் கிளப் கட்டடம் எரிந்தது. நகர நிர்வாகம் மைதானத்தையே மூடிவிட்டது. 1962-இல்தான் எல்லோருக்குமாகத் திறந்தது. எங்களோடு நீங்களும் ஆடுவதைவிட யாருமே ஆடாமல் இருக்கட்டும் என்ற அந்த மனசு நமக்குப் புதிதில்லை.

மகாடு குளத்தை நினைத்துப் பாருங்கள். சட்டப்படி எல்லோருக்கும் திறந்த குளம்தான். 1927-இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் இறங்கிக் குடித்த பிறகுதான் அந்த உரிமைக்கு உயிர் வந்தது. அதற்கும் அடி விழுந்தது.

இப்போது சென்னைக்கு வாருங்கள். கிண்டி ரேஸ் கோர்ஸ், சுமார் 160 ஏக்கர் அரசு நிலம். 1945-இல் 99 ஆண்டுக் குத்தகை. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம், அதாவது மாதம் 51 ரூபாய். அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. உயர்த்திய வாடகையில் 730 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. அங்கே குளம் வெட்டியதையும் பூங்கா அறிவித்ததையும் வரவேற்கிறேன். ஆனால் இத்தனை ஆண்டு அந்த வேலிக்குள் ஆடியவர்களை யாரும் 'புறம்போக்கு ஆக்கிரமிப்பு' என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை நம் குடிசைக்கு மட்டும்தான் வரும்.

'அவர்களுக்கு ஆட வராது' என்பார்கள். டெல்லியில் பை சுமந்த கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் பட்டம் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் வென்றார். திறமை எப்போதும் அந்த வேலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

ஆகவே தோழர்களே, கட்டணம் மலிவாக இருந்தால் அது பொது மைதானம் என்று நம்பிவிடாதீர்கள். கிரீன்ஸ்பரோவில் கட்டணம் 75 சென்ட், எங்கள் மந்தையில் சுழியம். இரண்டிலும் நம்மவர் நுழைய முடியவில்லை. மறிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

வைகையில் தண்ணீர் இல்லாத ஊரில் 18 குழிப் புல்வெளி நான் கேட்கவில்லை. 2024-இல் அரசு கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். மட்டை வந்துவிட்டது, அதை எந்த மண்ணில் வைத்து ஆடுவது?

உங்கள் ஊர் மந்தை என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று கிராம அ-பதிவேட்டில் பாருங்கள். நகல் வாங்குங்கள். பிறகு தனியாகப் போகாதீர்கள். சாதி ஒழிப்பு பேசுகிற எல்லாத் தெருத் தோழர்களும் ஒரே அணியாகப் போய் இறங்குங்கள். தடுத்தால் புகார் எழுதிக் கொடுங்கள்.

எங்கள் தெருப் பையன்கள் இன்றும் கண்மாய்க்குள்தான் ஆடுகிறார்கள். அடுத்த மழைக்கு முன்னால் நான் ஊருக்குப் போகிறேன், அ-பதிவேட்டு நகலோடு. வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். 11 பேர் போதும்.