எச்சரிக்கும் கருவியும் ஏற்கும் மனமும்

கணினிக்கு ஆணைத்தொடர் எழுதுபவரின் பொழுது முழுவதும் புதியன எழுதுவதிலே கழிவதில்லை. எழுதியவற்றை மீண்டும் படிப்பதிலும் திருத்துவதிலும் அதிற் பெரும்பகுதி சென்றுவிடுகிறது. இவ்வேலையில் அவருக்குத் துணைபுரியும் கருவிகள் பல உள. அவை சுட்டும் குறைகளை உடனே களைவதா, அன்றி வேலை நெருக்கடியில் நாளைக்கென ஒதுக்கிவைப்பதா என்பது அவர் அன்றாடம் எதிர்நோக்கும் வினாவாகும். சிறிதாகத் தோன்றும் இவ்வினா எத்துணைப் பெரிது என்பதை உண்மை நிகழ்ச்சியொன்று விளக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே, ஸ்ரீபன் ஜோன்சன் என்பார் 'சி' என்னும் கணினி மொழிக்கெனச் சோதனைக் கருவியொன்றை ஆக்கினார். அதற்கு 'லின்ட்' என்று பெயர். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகளை ஆங்கிலத்தில் அவ்வாறு அழைப்பர். மனிதர் எழுதியதை இயந்திரத்துக்கேற்ப மாற்றித்தரும் தொகுப்பி, விரைவு கருதிப் பல ஐயப்பாடுகளைப் பொறுத்துவிடும். அவற்றை லின்ட் தனியே ஆராய்ந்து கூறும். ஓர் ஆணைத்தொடரில் என்றுமே நிறைவேற இயலாத வரிகள் இருப்பினும் அது சுட்டிக்காட்டும் என்பதை, 1978ஆம் ஆண்டு எழுதிய குறிப்பொன்றில் ஜோன்சன் விளக்கினார்.

முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 2014ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அப்பிள் நிறுவனத்தின் ஐபோன்களிலும் மாக் கணினிகளிலும் பெருங்குறையொன்று வெளிப்பட்டது. இணையத்தில் மறுமுனையிலிருப்பவர் உண்மையானவர்தாமா என்று சோதிக்கும் பகுதியிலே, 'இறுதிக்குத் தாவுக' என்னும் பொருள்தரும் ஒரே வரி இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதல் வரி, முன்னைய சோதனை தவறினால் மட்டுமே தாவும். இரண்டாவது வரிக்கோ நிபந்தனை ஏதுமில்லை. ஆதலால், எஞ்சியிருந்த கையொப்பச் சோதனை நிகழாமலே, 'யாவும் சரி' என்ற விடை வந்தது. அதே வலையமைப்பிலுள்ள வஞ்சகர் ஒருவர், வங்கியின் பெயரால் நடித்துப் பிறர் இரகசியங்களைக் கவர்ந்துகொள்ள அது வழிதிறந்தது.

இரு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், படிப்போர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டனபோலத் தோன்றின. நிபந்தனைக்கு உரிய வரிகளை அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கம் அங்கே கைக்கொள்ளப்பட்டிருப்பின், மிகையான வரி தனித்துத் தெரிந்திருக்கும். அதற்குப் பின்வந்த சோதனையோ, நிறைவேற இயலாத வரி என்று லின்ட் அன்றே சுட்டிய இனத்தைச் சேர்ந்தது. அத்தகைய எச்சரிக்கை 'கிளாங்' என்னும் தொகுப்பியிலும் இருந்தது. எனினும், வழக்கமாக வேண்டப்படும் எச்சரிக்கைகளுள் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

ஆயின், எச்சரிக்கைகள் அனைத்தையும் எப்பொழுதும் கேட்டுக்கொண்டிருத்தலும் எளிதன்று. வீணான எச்சரிக்கை மிகுந்தால், மெய்யானதும் அவற்றுள் மறைந்துபோகும். இதனாலேயே, சில எச்சரிக்கைகளை நிறுத்திவைக்கும் வசதியையும் ஜோன்சன் தம் கருவியில் அமைத்தார். எதை நிறுத்துவது, எதற்குச் செவிசாய்ப்பது என்ற தீர்ப்பை மனிதரே வழங்கவேண்டியுள்ளது.

நல்ல தொழிலாளர், நாள்முடிவில் எஞ்சும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, களையவேண்டியதைக் களைந்து, விடவேண்டியதைக் காரணத்தோடு விடுவர். அதற்குச் செல்வது சில நிமிடம். அவர் எழுதியதை நம்பி, முன்பின் அறியாத எத்தனையோ பேர் தம் பணத்தையும் மறைபொருளையும் ஒப்படைத்திருக்கிறார்கள் அன்றோ?