எம்-மில் தொடங்கும் ஓர் எண்



ஹூஸ்டனில் ஒரு கிளினிக்குக்குப் போகிறீர்கள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக ஒருவர் வருகிறார். நிதானமாக விசாரிக்கிறார், மருந்து எழுதி அனுப்புகிறார். வெளியே வந்ததும் ஊருக்குப் போன் போட்டு, "டாக்டரம்மா ரொம்ப நல்லா பார்த்தாங்க" என்கிறீர்கள். அவருடைய பெயர்ப் பட்டையைப் பார்த்தீர்களா? எம்.டி. என்று இருக்காது. என்.பி. என்றோ எஃப்.என்.பி. என்றோ இருக்கும். நர்ஸ் பிராக்டிஷனர். செவிலியராகப் பயின்று, மேலே முதுநிலையும் முடித்து, நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் அனுமதி பெற்றவர்.

நான் இந்த ஊரில் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். கவுன்ட்டரில் நம்மவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். "நர்ஸ் எழுதின மருந்தைக் கொடுப்பீங்களா?" கொடுப்போம். "அப்படின்னா இந்த ஒரு மருந்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

வரலாற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் இல்லாத ஊர்களில் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கவலையில் பிறந்த படிப்பு அது. அதற்குப் பிறகு, அவர்கள் என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வகுத்துக்கொண்டது.

நீரிழிவு மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆன்டிபயாடிக் இவற்றிலெல்லாம் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வருவது கட்டுப்பாட்டு மருந்துகளில். 1970-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இவற்றை ஐந்து அட்டவணைகளாகப் பிரிக்கிறது. முதல் அட்டவணையில் ஹெராயின் போன்றவை. அவற்றை எழுத யாருக்கும் அனுமதி கிடையாது. இரண்டாவதில் மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில், கவனக்குறைவுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ரிட்டலின், ஆடரால். மூன்றாவதில் கோடீன் சேர்ந்த டைலனால். நான்காவதில் ஸானக்ஸ், தூக்க மாத்திரையான ஆம்பியன், டிரமடால். ஐந்தாவதில் கோடீன் இருமல் சிரப். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி நினைத்துக் குழம்ப வேண்டாம்; இங்கே இரண்டாம் இடத்தில் இருப்பவர்தான் பொல்லாதவர்.

ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் இவற்றில் கை வைக்க டெக்சஸில் என்னென்ன வேண்டும்? முதலில் மாநில நர்சிங் போர்டு தரும் உரிமம். அதற்கு மருந்தியல், நோய்க்கூறு, உடல் பரிசோதனை மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்திருக்க வேண்டும். தேசியத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அடுத்து, மருந்து எழுதும் அதிகாரத்துக்குத் தனி விண்ணப்பம். அடுத்து, ஒரு மருத்துவரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம். என்ன வகை மருந்துகளை எழுதலாம், சந்தேகம் வந்தால் எப்படித் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். நோயாளிகளின் குறிப்புகளை மருத்துவர் பார்க்க வேண்டும், இருவரும் மாதாமாதம் கலந்து பேச வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வாஷிங்டனின் கதவைத் தட்ட முடியும். அந்தக் கதவின் பெயர் டி.ஈ.ஏ., போதைமருந்துத் தடுப்பு நிர்வாகம். மூன்று ஆண்டுப் பதிவுக்குக் கட்டணம் 888 டாலர். 2023 ஜூன் 27 முதல், போதைப் பழக்கச் சிகிச்சை பற்றி எட்டு மணி நேரப் பயிற்சி முடித்திருப்பதாக உறுதியும் தர வேண்டும். ஒரு முறை முடித்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது ஓர் எண். நேயர்களே, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். வானொலி நிலையத்தார் கொடுத்த நேரத்தில் பாதியை இங்கேயே செலவழிக்கப் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். காரோட்டிக்கொண்டு கேட்பவர்கள் மட்டும் தயவுசெய்து எடுக்க வேண்டாம்.

டி.ஈ.ஏ. எண்ணில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஏழு இலக்கம். மருத்துவர்களுடையது ஏ, பி, எஃப், ஜி என்ற எழுத்துகளில் தொடங்கும். ஏ-யில் தொடங்கினால் அனுபவம் பழுத்த பழைய கை என்று வைத்துக்கொள்ளலாம். நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு எம். இரண்டாவது எழுத்து, குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே! பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு விமானம் ஏறி வந்தவர்கள் நாம். அதனால் இங்கே மருந்து எழுதும் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு அந்த இரண்டாவது எழுத்து அப்பாவுடையது. அரியலூரிலோ அம்பாசமுத்திரத்திலோ இருக்கும் ஒரு கந்தசாமியின் 'கே' இங்கே மார்ஃபின் சீட்டில் நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்குப் பழைய எழுத்தே தொடரலாம். எழுத்து ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாரையும் சந்தேகப்பட்டுவிட முடியாது.

இப்போது கணக்கு. ஏழு இலக்கம் எழுதுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, மூன்று. இது சும்மா ஓர் உதாரணம். முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களைக் கூட்டுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, மொத்தம் ஒன்பது. இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்களைக் கூட்டுங்கள். இரண்டு, நான்கு, ஆறு, பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டை இரட்டிப்பாக்கினால் இருபத்து நான்கு. ஒன்பதோடு சேர்த்தால் முப்பத்து மூன்று. அதன் கடைசி இலக்கம் மூன்று. எண்ணின் கடைசி இலக்கமும் மூன்று. சரியாக இருக்கிறது!

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் கணக்கு தவறிவிடும். ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினாலும் பெரும்பாலும் தவறிவிடும். இந்த எளிமைக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும். கம்ப்யூட்டர் வேண்டாம், வாய்க்குள் முணுமுணுத்தே போட்டுவிடலாம்.

காகிதச் சீட்டுகள் ஓடிக்கொண்டிருந்த நாளில் ஒருநாள் சாயங்காலம் ஓர் இளைஞன் கோடீன் இருமல் சிரப்புக்குச் சீட்டுக் கொண்டுவந்தான். ஹூஸ்டனில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; அந்த ஊதா நிறச் சிரப்பைச் சோடாவில் கலந்து குடிக்கும் பழக்கத்துக்குப் பேர்போன ஊர் இது. எழுதியவர் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர். எழுத்து முத்து முத்தாக இருந்தது. நர்ஸ்மார் கையெழுத்து பொதுவாக அப்படித்தான், அதில் சந்தேகம் வரவில்லை. எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றில் முடிய வேண்டியது, ஏழில் முடிந்திருந்தது. உடனே கிளினிக்கை அழைத்தேன். சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்கக் கூடாது, அது கூட்டாளியின் செல்போனாகவே இருக்கலாம். நாமே தேடிக் கண்டுபிடித்த எண்ணைத்தான் அழைக்க வேண்டும். அந்த நர்ஸே பேசினார். அப்படி ஒரு நோயாளியை அவர் பார்த்ததே இல்லை. நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், காருக்குப் போய் பர்ஸை எடுத்து வருகிறேன் என்று கிளம்பிய தம்பியைக் காணோம்.

ஆனால் கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதாலேயே சீட்டு நல்ல சீட்டு ஆகிவிடாது. இந்தச் சூத்திரம் ஊரறிந்தது. இப்போது டெக்சஸில், சில விதிவிலக்குகள் தவிர, கட்டுப்பாட்டு மருந்துகளுக்குக் காகிதமே கிடையாது; 2021 ஜனவரி முதல் மின்வழிச் சீட்டுதான். அனுப்புகிறவர் கடவுச்சொல், கைரேகை, எண் காட்டும் சிறு கருவி இவற்றில் இரண்டையாவது காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டும். வலி மருந்து எழுதும் முன்பு மாநிலப் பதிவேட்டைப் பார்த்து, இந்த நோயாளி வேறெங்கும் இதே மருந்தை வாங்கியிருக்கிறாரா என்றும் சரிபார்க்க வேண்டும். நானும் பார்க்க வேண்டும். சீட்டில் கோளாறு இருப்பது தெரிந்தும் மருந்து கொடுத்தால், எழுதியவரோடு சேர்ந்து நானும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அப்படியும் ஏன் யோசிக்கிறோம்? கை உடைந்து அவசரச் சிகிச்சை கிளினிக்குக்குப் போய் வந்த ஓர் அண்ணன் கோபமாகக் கேட்டார்: "பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் ஹைட்ரோகோடோன் குடுத்தாராம். எனக்கு இந்த நர்ஸ் வெறும் கோடீன் டைலனால் குடுத்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியலையா?" தெரியாமல் இல்லை அண்ணா. டெக்சஸ் சட்டப்படி நர்ஸ் பிராக்டிஷனர் மூன்று முதல் ஐந்து வரையுள்ள அட்டவணை மருந்துகளை, திரும்ப வாங்குவதையும் சேர்த்துத் தொண்ணூறு நாளுக்கு எழுதலாம். இரண்டாம் அட்டவணை என்றால் இரண்டே இடம்தான். ஒன்று மருத்துவமனை: இருபத்து நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தங்க வேண்டிய உள்நோயாளி, இல்லையென்றால் அவசரப் பிரிவில் இருக்கும் நோயாளி. மற்றது ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு. தெருமுனைக் கிளினிக் இரண்டிலும் சேராது. 2014 அக்டோபர் 6-ந் தேதி ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரைகளை மூன்றிலிருந்து இரண்டாம் அட்டவணைக்கு மாற்றினார்கள். முதல் நாள் வரை கிளினிக்கில் அதை எழுதிவந்த நர்ஸ்மாரால் மறுநாள் எழுத முடியவில்லை. அவர்கள் படிப்பில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. மருந்து இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஹாஸ்பிஸ் விதிவிலக்கின் அருமை கடை மூடும் நேரத்தில்தான் தெரியும். ஒரு ராத்திரி நம்மூர்ப் பெரியவர் ஒருவர் மனைவிக்காக வந்து நின்றார். மார்ஃபின் திரவம், ஒரு மில்லியில் 20 மில்லிகிராம், எழுதியவர் நர்ஸ் பிராக்டிஷனர். எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் சீட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள்; அவள் செய்தது சரிதான். "நர்ஸ் எழுதினது செல்லாதாம்மா?" என்றார் பெரியவர். ஹாஸ்பிஸுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா அவர்களுடைய பராமரிப்பில்தான் இருக்கிறார் என்று உறுதி செய்தார்கள். அதைக் குறித்துக்கொண்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். 5 மில்லிகிராம் என்பது கால் மில்லிதான். கரண்டியில் ஊற்றவே கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சில் கோட்டைக் காட்டி, இரண்டு முறை அவரையே எடுக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். ஹாஸ்பிஸ் பராமரிப்பு நடக்கும் வீடுகளுக்கு ராத்திரியில் காரோட்டிப் போய் நோயாளியின் பக்கத்தில் உட்கார்கிறவர்களில் இந்த நர்ஸ்மார் இருக்கிறார்கள். அவர்கள் கையில் மார்ஃபின் எழுதும் உரிமை இல்லாவிட்டால், அந்த வலி விடியும்வரை ஒரு டாக்டரின் போனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

டெக்சஸ் எல்லையைத் தாண்டினால் விதி மாறிவிடும். இந்த மாநிலத்து மேற்குக் கோடியில் எல் பாசோ. அங்கிருந்து முக்கால் மணி நேரம் காரோட்டினால் லாஸ் க்ரூசெஸ், நியூ மெக்சிகோ. அங்கே நர்ஸ் பிராக்டிஷனருக்கு மருத்துவர் ஒப்பந்தம் தேவையில்லை. இரண்டாம் அட்டவணை மருந்தையும் தானே எழுதலாம். ஃப்ளோரிடா கட்டுப்பாட்டு மருந்தை நர்ஸ்மாருக்குத் திறந்துவிட்டதே 2017-ல்தான். இரண்டாம் அட்டவணை என்றால் பொதுவாக ஏழு நாளுக்கு மட்டும். மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறுவதைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும். நிலையத்தார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டுகிறார்கள்.

ஆக, மாநில உரிமம், மருத்துவர் ஒப்பந்தம், டி.ஈ.ஏ. எண், பதிவேடு, கடைசியில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பது. இவ்வளவும் கூடி வந்தால்தான் ஒரு சீட்டு செல்லும். அடுத்த முறை நர்ஸ் பிராக்டிஷனரிடம் போகும்போது, "இந்த மருந்து எந்த அட்டவணை, இதை நீங்களே எழுதலாமா, டாக்டர் அனுப்ப வேண்டுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார். உங்களுக்கும் ஓர் அலைச்சல் மிச்சமாகும். ஹாஸ்பிஸ் பராமரிப்பில் யாராவது இருந்தால், மருந்து வாங்க வரும்போதே எங்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்டினில் உட்கார்ந்து சட்டம் இயற்றுகிறவர்களும் ஒரு நாள், இந்த நர்ஸ்மார் எங்கே நிற்கிறார்கள் என்பதைவிட என்ன படித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள் என நம்புகிறேன். அதுவரை நான் கவுன்ட்டரில் எண்ணைக் கூட்டிக்கொண்டிருப்பேன்.